அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பில் உலகக் குடிமையைக் கற்பிப்பது எவ்வாறு?

கேள்வி
எழுதியவர்: சமூக அறிவியல் ஆசிரியை, திருப்பூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எட்டாம் வகுப்புக் குடிமையியலில் குடிமக்களும் குடியுரிமையும் என்று ஒரு பாடமும், மனித உரிமைகளும் ஐக்கிய நாடுகள் சபையும் என்று இன்னொரு பாடமும் உள்ளன. முதல் பாடத்தில் பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, பிரதேச இணைப்பு என்று குடியுரிமை பெறும் ஐந்து வழிகளை மாணவர்கள் படிக்கிறார்கள். இரண்டாவதில் ஐ.நா.வின் ஆறு முதன்மை உறுப்புகளையும், மனித உரிமைப் பேரறிக்கை வெளியான 1948 டிசம்பர் 10 என்ற நாளையும் படிக்கிறார்கள். ஒரு மதிப்பெண் வினாக்களுக்குத் தயங்காமல் விடை எழுதுகிறார்கள். ஆனால் ஐ.நா. சபைக்கும் தங்கள் தெருவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஐ.நா. நாளான அக்டோபர் 24 அன்று சுவரொட்டிப் போட்டி நடத்துகிறோம். பூமியைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் குழந்தைகளை எல்லோரும் வரைகிறார்கள். உலக மக்கள் எல்லோரோடும் நமக்குத் தொடர்பும் பொறுப்பும் உண்டு என்று உணரும் உலகக் குடிமை அத்துடன் அந்த ஆண்டுக்கு முடிந்துவிடுகிறது.

என் வகுப்பில், பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குடியுரிமைப் பாடத்தின்போது முகாம் மாணவர் ஒருவர், தான் இந்த மாவட்டத்திலேயே பிறந்ததால் தானும் இந்தியக் குடிமகன்தானா என்று கேட்டார். ஐந்து வழிகளில் முதலாவதே பிறப்பு என்று சற்று முன்புதான் படித்திருந்த அவர் அப்படிக் கேட்டது முற்றிலும் நியாயம். அந்தக் கேள்விக்கு நேர்மையாக எப்படி விடை சொல்வது என்பதே இந்த இழையைத் தொடங்க எனக்கு முதல் காரணம்.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 ஆவது இலக்கு, உலகக் குடிமைக்குத் தேவையான அறிவும் திறனும் 2030க்குள் கற்போர் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. 2020 ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் இதைக் குறிப்பிடுகிறது. ஆனால் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் இருக்கும் பாடவேளைகளுக்குள் முடிக்க வேண்டிய ஆசிரியர் இதை எங்கே சேர்ப்பது என்பதற்கு வழிகாட்டுதல் கிடைக்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தந்தை, முதலில் நம் நாட்டுச் சட்டத்தைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும், உலகத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார். அவருக்கும் விடை சொல்ல விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈரோடு

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தாங்கள் சொன்ன இரண்டு பாடங்களையும் தனித்தனியே நடத்துவதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று கருதுகிறேன். ஓர் அரசு யாரையெல்லாம் தன் குடிமக்களாக ஏற்கிறது என்பதை முதல் பாடம் சொல்கிறது. மனிதராகப் பிறந்த எவருக்கும் சில உரிமைகள் உண்டு என்று இரண்டாவது பாடம் சொல்கிறது. தங்களிடம் கேள்வி கேட்ட மாணவர் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நிற்கிறார். அந்த இடைவெளியை வகுப்புக்குத் திறந்து காட்டுவதுதான் உலகக் குடிமைக் கல்வியின் தொடக்கம். அதற்கு வெளிநாட்டிலிருந்து எந்தக் கையேடும் வர வேண்டியதில்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதியே போதுமானது.

ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். அடிப்படை உரிமைகளில் 14, 15, 16, 19, 21, 21-அ, 25 ஆகிய உறுப்புகளின் சுருக்கத்தைக் குழுக்களுக்குக் கொடுத்து, எவை குடிமக்களுக்கு மட்டும் உரியவை, எவை இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உரியவை என்று பிரிக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் முன் சமத்துவம், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு, மனச்சாட்சிச் சுதந்திரம் ஆகியவை எல்லா மனிதருக்கும் உரியவை. அரசுப் பணியில் சம வாய்ப்பும், பேச்சு, கூட்டம், சங்கம், குடியிருப்பு முதலியவை பற்றிய 19 ஆவது உறுப்பும் குடிமக்களுக்கு உரியவை. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி என்று 21-அ சொல்வதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைக்கும், முகாமிலிருந்து வரும் பிள்ளைக்கும், உள்ளூர்ப் பிள்ளைக்கும் அந்த வகுப்பறையில் ஒரே உரிமை இருக்கிறது என்பதை, ஆசிரியர் அறிவுரையாகச் சொல்லாமலேயே சட்டத்திலிருந்து அவர்கள் தெரிந்துகொள்வார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கூறுவதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

இனி அந்த மாணவரின் கேள்வி. பிறப்பால் குடியுரிமை என்ற விதி காலப்போக்கில் சுருங்கி வந்திருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பே போதுமானதாக இருந்தது. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. 2004 டிசம்பர் 3 முதல் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. எனவே, பெற்றோர் இருவரும் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் என்றால், இங்கே பிறந்ததால் மட்டும் அவர் இந்தியக் குடிமகனாவதில்லை. இதை அவரிடம் தனியாக, மறைக்காமல் சொல்ல வேண்டும். கிடைக்காத ஒன்றைக் கிடைக்கும் என்று ஆறுதலுக்காகச் சொல்லக் கூடாது. அதேசமயம், பேரறிக்கையின் 15 ஆவது உறுப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமைக்கு உரிமை உண்டு என்கிறது என்பதையும், அகதிகள் குறித்த 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதையும், ஆனால் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992 இல் ஏற்றுக்கொண்டது என்பதையும், அந்த உடன்படிக்கையின் 2 ஆவது உறுப்பு ஒரு நாட்டின் அதிகார எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாகுபாடின்றி உரிமைகளை உறுதி செய்யச் சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். தன் வாழ்க்கையைப் பற்றியது என்பதால் மற்றவர்களைவிட நன்றாகவே விளங்கும். வகுப்பில் பொதுவாகப் பேசும்போது மட்டும் அவரைச் சுட்டிக்காட்டாமல் பேசுங்கள்.

அந்தத் தந்தைக்கான விடையும் அரசமைப்பிலேயே இருக்கிறது. உலக அமைதியையும் நாடுகளுக்கிடையே நேர்மையான உறவையும் அரசு வளர்க்க வேண்டும் என்று 51 ஆவது உறுப்பு சொல்கிறது. 1976 இல் சேர்க்கப்பட்ட 51-அ, மனிதநேயத்தையும் அறிவியல் மனப்பான்மையையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது. நம் நாட்டுச் சட்டத்தைப் படித்தால் உலகம் தானாக அதற்குள் வந்துவிடுகிறது என்று அவரிடம் சொல்லலாம்.

பதில் 2
எழுதியவர்: பின்னலாடை ஏற்றுமதித் துறையில் தர ஆய்வாளராக இருந்தவர், திருப்பூர்

தலைமையாசிரியர் ஐயா சொன்னதற்கு மறுப்பில்லை. ஆனால் சட்ட உறுப்புகளோடு நிறுத்திக்கொண்டால் பிள்ளைகள் இதையும் மனப்பாடப் பகுதியாக மாற்றிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு உலகம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அம்மா ஓவர்லாக் தையலிலோ செக்கிங்கிலோ வேலை செய்கிறார். அவர் கையைத் தாண்டிப் போகும் துணி எந்த நாட்டுக் கடையில் தொங்கப் போகிறது என்பது அதில் தைக்கப்படும் லேபிளிலேயே பல நேரங்களில் தெரியும். பருத்தி, நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, தையல், துறைமுகம், அயல்நாட்டுக் கடை என்று ஒரு பனியனின் பயணத்தை உலக வரைபடத்தில் வரையச் சொல்லுங்கள். புவியியலும் பொருளியலும் அதிலேயே அடங்கிவிடும் என்பதால் தனிப் பாடவேளை தேட வேண்டியதில்லை.

அந்தப் பயணத்தில் இரண்டு இடங்களில் நிறுத்திப் பேச வேண்டும். ஒன்று நொய்யல் ஆறு. சாயக்கழிவு ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், அணைக்குக் கீழே பாசனம் செய்த விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் கழிவுநீரை வெளியேற்றாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை இங்கே வந்ததும் பிள்ளைகளின் வீட்டில் பெரியவர்கள் நேரில் கண்டவை. மலிவு விலையில் துணி வாங்கியவர் இருக்கும் நாட்டில் எந்த ஆறும் நிறம் மாறவில்லை; இங்கே மாறியது. அந்தச் செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வங்கதேசத்தின் டாக்கா அருகே சாவரில் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டடம். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த் தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். 1,134 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே பன்னாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தீ, கட்டடப் பாதுகாப்புக்கென்று சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பொறியாளர்களைக் கொண்டு சோதித்தார்கள். அதுவரை நிறுவனங்கள் தாங்களாக அனுப்பிய தணிக்கையாளர்களின் அறிக்கைகள் அந்தத் தொழிலாளர்களைக் காப்பாற்றவில்லை. இந்தத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தணிக்கை நாளன்று மட்டும் திறந்திருக்கும் அவசர வழி எந்தத் தொழிலாளிக்கும் பயன்படாது. பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள எட்டாம் வகுப்பு மிகச் சரியான வயது.

பதில் 3
எழுதியவர்: ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்

மேலே எழுதிய ஐயா அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரு வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளின் தாயும் தந்தையும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள் என்னும்போது, ஆறு கெட்டதும் கட்டடம் விழுந்ததும் அடுத்தடுத்துச் சொல்லப்பட்டால், தன் வீட்டுச் சோறு ஏதோ குற்றத்திலிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்ளக்கூடும். வேறு சில பிள்ளைகளுக்கு அச்சம் வரும்: அம்மா வேலை செய்யும் கட்டடமும் விழுமோ என்று. ஆகவே அந்தப் பாடம் பாதிக்கப்பட்டவர்களின் துயரத்தில் முடியாமல், விவசாயிகள் எப்படி வழக்குத் தொடர்ந்தார்கள், சங்கங்கள் எப்படி ஒப்பந்தத்தைப் பெற்றன, ஒரு தொழிற்சாலையில் அவசர வழி பற்றிக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற இடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டு சேர்க்க வேண்டும். ராணா பிளாசாவை முழுமையாகச் சொல்ல நேரமில்லை என்றால் அந்த ஆண்டு அதைத் தொடாமல் விடுவதே மேல்.

உலகம் ஒன்றுசேர்ந்து சாதித்த ஒன்றையும் அதே பருவத்தில் சொல்லிவிட வேண்டும். என் பரிந்துரை பெரியம்மை ஒழிப்பு. பனிப்போர் உச்சத்தில் இருந்த 1958 இல் சோவியத் ஒன்றியம் இதை உலக சுகாதார நிறுவனத்தில் முன்மொழிந்தது. அமெரிக்காவும் பின்னர் முனைப்பாக இணைந்தது. 1967 முதல் தீவிரத் திட்டம் நடந்தது. எங்கே ஒரு நோயாளி கண்டறியப்பட்டாரோ அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டு நோயைச் சூழ்ந்து அடைக்கும் முறையைக் கையாண்டார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1975 இல் கண்டறியப்பட்டார். 1980 மே மாதம் உலகிலிருந்தே நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கவே தொடங்கப்பட்டது என்பது நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் ஈர்ப்பைத் தரும். தாத்தா, பாட்டியின் கையில் உள்ள தடுப்பூசித் தழும்பைப் பார்த்து, அது எந்த ஆண்டு போடப்பட்டது என்று கேட்டு வரச் சொல்லலாம். ஒன்றையொன்று நம்பாத இரண்டு வல்லரசுகள் ஏன் இதில் மட்டும் ஒத்துழைத்தன என்று கேட்டால், எட்டாம் வகுப்பில் நல்ல விவாதம் நடக்கும்.

உள்ளூரிலிருந்தே எடுக்க வேண்டிய இன்னொரு பாடம் 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் கைப்பேசிகளில் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். தமிழ்நாடு காவல்துறை அவை பொய் என்று விளக்கியது. பீகார் அரசு ஒரு குழுவையே இங்கு அனுப்பி விசாரித்தது. அந்தக் காணொளிகளை யாரோ ஒருவர் முதலில் அனுப்பினார். ஆனால் அவற்றைப் பரப்பியவர்கள் பல்லாயிரம் பேர். வந்த செய்தி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது, அனுப்பியவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டுப் பழகுவது உலகக் குடிமையின் தவிர்க்க முடியாத பகுதி. தங்கள் வகுப்பில் இருப்பது அந்தப் பயத்தைத் தங்கள் வீட்டில் கண்ட பிள்ளைகளாகவும் இருக்கலாம் என்பதால், இதைச் சற்றுக் கவனமாக, ஆனால் கண்டிப்பாக நடத்துங்கள்.

மதிப்பீடு பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். யுனெஸ்கோ உலகக் குடிமைக் கல்வியை அறிவு, மனப்பாங்கும் உறவும், செயல் என்று மூன்று தளங்களாகப் பிரிக்கிறது. பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறித் தேர்வு முதல் தளத்தை மட்டுமே தொடும். மற்ற இரண்டையும், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகளில் சேர்த்துவிடலாம். பனியன் வரைபடமும் தழும்பு விசாரணையும் அதற்கே பொருந்தும்.

பதில் 4
எழுதியவர்: வளைகுடாவில் பணியாற்றித் திரும்பியவர், இராமநாதபுரம் மாவட்டம்

நான் ஆசிரியர் இல்லை. கட்டுமான வேலைக்குப் போய்வந்தவன். ஆசிரியை அம்மா ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்ததால் சொல்லத் தோன்றியது. எங்கள் பகுதியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அப்பா வளைகுடா நாடுகளில் இருக்கிறார். அங்கே அவர் யார் என்று கேட்டால், மொழி தெரியாதவர், ஊருக்குள் வாக்குரிமை இல்லாதவர், நெரிசலான அறையில் தங்குபவர், கோபம் வந்தாலும் பேசாமல் இருப்பவர். இங்கே பனியன் கம்பெனிக்கு வந்திருக்கும் ஒடிசாக்காரரும் பல வகையில் அதே நிலையில்தான் இருக்கிறார். அவர் இந்தியக் குடிமகன் என்பதால் சட்டம் அவருக்கு முழுமையாகத் துணை நிற்கிறது என்பது பெரிய வேறுபாடு, ஆனால் அந்தச் சட்டம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979 லேயே ஒரு சட்டம் வந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய உண்மையான விஷயங்கள் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும் என்ற முத்திரை இருக்கும், இதை ஈ.சி.ஆர். என்பார்கள். 1983 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இந்தத் தடையைத் தொழிலாளியின் பாதுகாப்புக்காக வைத்தது. பல முகவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு, சுற்றுலா விசாவில் ஆட்களை அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் போனவருக்கு ஊதியம் மறுக்கப்பட்டால் முறையிட இடம் குறைவு. இதை எட்டாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளை தெரிந்துகொண்டால், அண்ணன் கையெழுத்திடப் போகும் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பார்க்கும்.

சட்டங்கள் மாறவும் செய்கின்றன. கத்தாரில் முன்பெல்லாம் முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாற முடியாது. உலகக் கால்பந்துப் போட்டிக்கான கட்டுமானங்களை ஒட்டி உலகம் முழுவதும் கேள்விகள் எழுந்தன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018 இல் தோகாவில் அலுவலகம் திறந்தது. 2020 இல் அந்த அனுமதிக் கடித முறை நீக்கப்பட்டது. 2021 மார்ச் முதல் எந்த நாட்டவராக இருந்தாலும் ஆயிரம் ரியால் குறைந்தபட்ச ஊதியம் என்று ஆயிற்று. நடைமுறையில் குறைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால், எங்கோ வேறு நாட்டில் போட்டியைப் பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்த மனிதர், அரங்கத்தைக் கட்டியவருக்கு ஊதியம் கிடைத்ததா என்று கேட்டதும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பாடங்களையும் அடுத்தடுத்து வைத்து, நடுவில் அரசமைப்பு உறுப்புகளைப் பிரிக்கும் பாடவேளையை நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த மாணவரிடம் ஐயா சொன்னபடி தேதிகளோடு தனியாகப் பேசுகிறேன். பனியன் வரைபடத்தைப் புவியியலோடு சேர்க்கிறேன். நொய்யலை விரிவாக நடத்திவிட்டு, ராணா பிளாசாவை விரிவுரையாளர் அவர்கள் சொன்ன நிபந்தனையோடு, முழு நேரம் கிடைத்தால் மட்டும் எடுக்கிறேன். இராமநாதபுரம் ஐயா எழுதியதைப் பெயர் குறிப்பிடாமல் வகுப்பில் வாசித்துக் காட்ட அனுமதி வேண்டுகிறேன்.

ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. தமிழ் இன்னும் சரளமாக வாசிக்க வராத ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் இந்தச் செயல்பாடுகளில் பார்வையாளர்களாக ஒதுங்கிவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில் 5
எழுதியவர்: ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்

மனித உரிமைப் பேரறிக்கை ஐநூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் இணையதளத்திலிருந்து தமிழ், இந்தி, வங்கம் ஆகியவற்றை அச்சிட்டு, கல்வி உரிமையைச் சொல்லும் 26 ஆவது உறுப்பை மட்டும் ஒவ்வொருவரும் தமக்கு வரும் மொழியில் வாசிக்கச் சொல்லுங்கள். வரைபடச் செயல்பாட்டில், தாங்கள் ஊரிலிருந்து வந்த ரயில் வழியை அந்தப் பிள்ளைகள் வரைந்து, இடையில் வரும் ஆறுகளையும் மாநிலங்களையும் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அந்தப் பாடவேளையில் அவர்களுக்குத் தெரிந்தது உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பீகார்ப் பிள்ளைகளில் மைதிலியோ போஜ்புரியோ வீட்டு மொழியாக உள்ளவர்கள் இருப்பார்கள் என்பதால், இந்தி எழுத்து வாசிக்கத் தெரியுமா என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள், பிறர் வாசிப்பதைக் கேட்டு, அதன் பொருளைத் தங்கள் வீட்டு மொழியில் சொன்னால் போதும்.